முதலில் குழாய் நிறையட்டும், பிறகு மீட்டர் ஓடட்டும்

வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஊரில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ‘குடிக்கிற தண்ணீருக்குமா அளவு?’ என்று கொதிப்பது ஒரு கட்சி. ‘அளந்து கொடுத்தால்தான் அருமை தெரியும்’ என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. ஆலைகளில் அளவுக் கருவிகளைப் பொருத்தியும் பழுது பார்த்தும் பிழைத்தவன். அளவு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கடலோர ஊரான புதுச்சேரியில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க உப்பு உள்ளே ஏறுகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. மீட்டர் அளப்பது தண்ணீராக இருக்க வேண்டும். காற்றாக இருக்கக் கூடாது.

நம் ஊர்களில் பெரும்பாலும் குடிநீர்க் குழாய் நாள் முழுக்க நிறைந்திருப்பதில்லை. காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் திறந்துவிடுவார்கள். வால்வை மூடியதும் தாழ்ந்த தெருக்காரர்கள் மிச்சத்தைப் பிடித்துக்கொள்வார்கள். மேட்டில் இருக்கும் குழாய் காலியாகி, அந்த இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் குடியிருக்கும் கோரிமேடு, கடற்கரையோர வீதிகளைவிட உயரமான இடம். இப்படிப்பட்ட பகுதிகளில்தான் இந்தக் காற்றுத் தொல்லை முதலில் தெரியும். மறுபடி வால்வைத் திறந்ததும் தண்ணீர் அந்தக் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது. வெளியேற வேறு வழி இல்லாவிட்டால் காற்று வீட்டுக் குழாய்க்குள் புகுந்து, ‘புஸ்’ஸென்று சீறிய பிறகே தண்ணீருக்கு வழிவிடும். நடுவில் ஒரு மீட்டர் இருந்தால் அதன் சக்கரமும் சுழலும். தன்னைத் தள்ளுவது தண்ணீரா காற்றா என்று சக்கரத்துக்குத் தெரியாது. காற்று லேசானது என்பதால் தண்ணீரைவிட வேகமாகவே சுற்றிவிடும்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரில் மீட்டர் வைத்துவிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இது பல ஊர்களின் கதை. போன முறை போயிருந்தபோது வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். “என்னண்ணே இது, குழாய்ல ஒரு சொட்டு வரல, மீட்டர் பாட்டுக்கு ஓடுது?” என்றாள். குழாயடியில் குடம் காய்ந்து கிடந்தது. மீட்டரின் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது.

இதில் எவ்வளவு நஷ்டம் என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள தெருக்குழாய் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் காலியாக இருந்தால் அதற்குள் சுமார் 7,850 லிட்டர் காற்று இருக்கும். அந்தத் தெருவில் நூறு வீடுகள் என்று வையுங்கள். வெளியேற வேறு வழியே இல்லாமல் காற்று முழுவதும் வீட்டு மீட்டர்கள் வழியாகவே போய், மீட்டரும் அதை அப்படியே எண்ணினால் ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு 78 லிட்டர். நாளுக்கு இரண்டு வேளை என்றால் மாதத்துக்கு 4,700 லிட்டர். இது அதிகபட்சக் கணக்குதான். கசிவுகள் வழியாகவும் காற்று கொஞ்சம் போய்விடும். பாதிதான் என்றாலும் அது ஏன் என் தங்கையின் பில்லில் ஏற வேண்டும்?

இதைச் சொன்னால் அதிகாரிகளும் மீட்டர் விற்பவர்களும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். ‘அதெல்லாம் பழைய சக்கர மீட்டர். இப்போது மின்காந்த மீட்டர் வந்துவிட்டது. உள்ளே சுழல்வதற்கு எதுவுமே கிடையாது. ஏமாறாது.’ முதல் பாதி உண்மை. கடைசிச் சொல் உண்மை இல்லை. ஏன் என்று விளக்க வேண்டியது என் தொழில் கடமை.

மின்காந்த மீட்டரை நாங்கள் ‘மேக் மீட்டர்’ என்போம். அதன் தத்துவம் மைக்கேல் ஃபாரடேயுடையது. காந்தப்புலத்துக்குள் மின்சாரம் கடத்தும் பொருள் ஒன்று நகர்ந்தால் அதன் குறுக்கே மின்னழுத்தம் பிறக்கும். ஓடுகிற தண்ணீரும் அப்படி ஒரு பொருள்தான். 1832 ஜனவரியில் லண்டன் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் நதிக்குள் செப்புத் தகடுகளை இறக்கி, பூமியின் காந்தத்தில் ஆற்றின் ஓட்டத்தை அளக்க முயன்றார் ஃபாரடே. அன்றைய கருவிகளின் திறன் போதவில்லை; முயற்சி பலிக்கவில்லை. நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தத்துவம் குழாய்க்குள் வந்தது. குழாயின் மேலும் கீழும் காயில், பக்கச் சுவர்களில் எதிரெதிரே இரண்டு எலெக்ட்ரோடுகள், அவ்வளவுதான். ஓட்டத்தின் குறுக்கே ஒரு துரும்புகூட நிற்காது. 5 மில்லிடெஸ்லா காந்தப்புலத்தில், 100 மி.மீ. குழாயில், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடினால் கிடைப்பது அரை மில்லிவோல்ட். அந்தச் சின்ன அழுத்தத்தைப் படித்து, வேகத்தைக் கண்டுபிடித்து, குழாயின் குறுக்குப் பரப்பால் பெருக்கி ‘இத்தனை லிட்டர்’ என்று காட்டுகிறது மீட்டர்.

சிக்கல் அந்தப் பெருக்கலில் இருக்கிறது. மீட்டருக்குத் தெரிந்தது வேகம் மட்டுமே. குழாய் முழுக்கத் தண்ணீர் என்பது அதன் அனுமானம். தண்ணீரோடு பத்தில் ஒரு பங்கு காற்றுக் குமிழ்கள் கலந்து ஓடினாலும் தண்ணீரின் வேகம் அதேதான்; மின்னழுத்தமும் ஏறக்குறைய அதேதான். மீட்டர் 100 என்று காட்டும். வந்த தண்ணீர் 90. நுரையோடு பாலை அளந்து ஊற்றிவிட்டு ஒரு லிட்டர் என்று சொல்வது போன்ற கணக்கு இது. மேலே சொன்ன குழாயிலேயே இந்தப் பத்து சதவீதம் மணிக்குச் சுமார் 2,800 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் வழிகாட்டு அளவு. அப்படியானால் ஒரே மணி நேரத்தில் இருபது பேரின் ஒரு நாள் தண்ணீர் தாளில் மட்டும் ஓடிவிடுகிறது. குழாய் பாதி காலியாகி எலெக்ட்ரோடு வெளியே தெரிந்துவிட்டால் மீட்டர் வாய்க்கு வந்தபடி எண்களைச் சொல்லும்.

இதை நான் முதலில் கண்ணால் பார்த்தது ஒரு காகித ஆலையில். கூழ் என்பது தண்ணீரும் நாரும் கலந்தது. மேக் மீட்டரைத் தவிர வேறு கருவி அங்கே சரிப்படாது, நார் சிக்கிக்கொள்ளும். ஒரு ஷிஃப்டில் மீட்டர் நிதானமாக ஓட்டத்தைக் காட்டுகிறது. தொட்டியின் மட்டமோ அந்தக் கணக்குக்கு ஏறவில்லை. மீட்டரைக் கழற்றலாமா என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஃபோர்மேன் வந்தார். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் கிளாண்ட் தளர்ந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்ததைக் கையை வைத்தே கண்டுபிடித்தார். “தம்பி, மீட்டர் பொய் சொல்லல. வேகத்தைக் கேட்டீங்க, வேகத்தைச் சொல்லுது. எவ்வளவு வந்துச்சுன்னு தெரியணும்னா தொட்டியப் பாருங்க” என்றார். கிளாண்டை இறுக்கியதும் மீட்டரும் தொட்டியும் ஒத்துப்போயின.

பள்ளிக்கூட இயற்கணிதம் இதைத்தான் சொல்கிறது. தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடும் இரண்டு வேண்டும். ஒரு குழாயில் இரண்டு பொருள்கள் ஓடினால் ஓர் எண் போதாது. எவ்வளவு வேகம் என்பது ஒன்று. எந்தப் பொருள் எத்தனை பங்கு என்பது இன்னொன்று. கலவை ஓட்டத்தை அளக்கும் தொழில்நுட்பம் உலகம் முழுவதும் இந்த இரண்டாவது எண்ணைத் தேடித்தான் வளர்ந்திருக்கிறது.

மேக் மீட்டர் வியாபாரத்துக்கு வந்ததே கலவையை அளக்கத்தான். 1950-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் தூர்வாரும் கப்பல்களில் மணலும் தண்ணீரும் கலந்து வரும் குழாயில் அதைப் பொருத்தினார்கள். தூர்வாருபவருக்கு வேண்டியது மணல். அதனால் மேக் மீட்டரோடு, காமா கதிரால் அடர்த்தியைச் சொல்லும் இன்னொரு கருவியையும் சேர்த்து வைப்பது வழக்கமாயிற்று. ஒன்று வேகம் சொல்லும். மற்றது பங்கு சொல்லும்.

இரத்தத்தின் கதை வேறு. நாற்பது முதல் நாற்பத்தைந்து சதவீதம் சிவப்பணுக்கள், மிச்சம் பெரும்பாலும் பிளாஸ்மா என்று அதுவும் ஒரு கலவைதான். 1936-இல் அலெக்சாண்டர் கோலின், நாளத்தை வெட்டாமலேயே அதன் வெளியே காந்தத்தை வைத்து இரத்த ஓட்டத்தை அளக்கும் வழியைக் காட்டினார். பிறகு பல ஆண்டுகள் அறுவை சிகிச்சைக் கூடங்களில் அந்தக் கருவி புழங்கியது. அங்கே ஓர் எண் போதுமானதாக இருந்தது. ஏனென்றால், மருத்துவருக்கு வேண்டியது அணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்த முழு இரத்தம். இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. எங்கள் கோரிமேட்டின் அடையாளமான ஜிப்மர் வளாகத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த வித்தியாசம் நினைவுக்கு வரும். கலவை முழுவதும் வேண்டும் என்றால் மீட்டர் நம் கூட்டாளி. கலவையில் ஒரு பங்குக்கு மட்டும் காசு என்றால் மீட்டரைக் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

நம் யூனியன் பிரதேசத்தின் காரைக்காலில் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பிரிவு இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெய், எரிவாயு, தண்ணீர் மூன்றும் ஒரே குழாயில் வரும். எண்ணெய் மின்சாரம் கடத்தாது. அது மிகுந்த இடத்தில் மேக் மீட்டர் வாயடைத்துப்போகும். பழைய வழி, கலவையைப் பெரிய கலனில் விட்டு, மூன்றும் பிரியக் காத்திருந்து, தனித்தனியே அளப்பது. புதிய வழி, குழாயைச் சுற்றி மின்தகடுகளை வைப்பது. தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80-ஐ ஒட்டியது, எண்ணெய்க்கு 2 அல்லது 3, வாயுவுக்கு 1. இந்த இடைவெளி பெரிது என்பதால், தகடுகளுக்கு இடையே உள்ள மின்தேக்கத் திறனை வைத்தே உள்ளே எது எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். 1980-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இதைப் படமாகவே மாற்றினார்கள். 12 தகடுகளைச் சுற்றிலும் வைத்தால் 66 ஜோடிகள். அந்த 66 அளவுகளிலிருந்து குழாயின் குறுக்குவெட்டுப் படம் திரையில் வந்துவிடும். குழாயைத் துளைக்கவும் வேண்டாம், கதிரியக்கமும் வேண்டாம்.

ஆனால் இந்தத் துறையில் ஆகப் பெரிய பாடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கல்பாக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள வேக ஈனுலைகள் என்னும் அணு உலைகளில் வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். 98 டிகிரியில் உருகும் இந்த உலோகம் ஒளி ஊடுருவாது, காற்றில் பற்றும், தண்ணீர் பட்டால் கொந்தளிக்கும். 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் அது எரிபொருள் இருக்கும் உலையத்திலிருந்து வெளிவரும் வெப்பநிலை 547 டிகிரி. அந்தக் குழாய்க்குள் எதையும் நுழைத்துப் பார்க்க முடியாது. ஆகவே குழாய்க்கு வெளியே நிலைக்காந்தம். எஃகுச் சுவரும் மின்சாரம் கடத்தும் என்பதால் எலெக்ட்ரோடுகளையும் வெளிப்பக்கத்திலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். இன்னொரு வகைக் கருவியில் மூன்று காயில்கள் இருக்கும். நடுவில் உள்ளது மாறும் காந்தப்புலத்தை உண்டாக்கும். ஓடும் சோடியம் அதைத் தன் போக்கில் இழுக்கும். இருபுறமும் உள்ள காயில்களின் வேறுபாடு வேகத்தைச் சொல்லும். 1985 அக்டோபர் 18-இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கத்தின் சோதனை ஈனுலை, பிரான்சின் ராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்டது. பாண்டிச்சேரிக்காரனான எனக்கு அந்தப் பிரெஞ்சுத் தொடர்பில் ஒரு கூடுதல் ஆர்வம் உண்டு.

அங்கே அவர்கள் கவலைப்படும் விஷயம்தான் எனக்கு முக்கியம். சோடியத்தின் மேற்பரப்பை மூடி ஆர்கான் வாயு நிற்கிறது. ஓட்டத்தில் சுழல் விழுந்து அந்த வாயு குமிழாக உள்ளே இழுபட்டு உலையம் வரை போனால் அணுவினையும் குளிர்விப்பும் பாதிக்கப்படும். பிரான்சின் ஃபீனிக்ஸ் உலையில் 1989-இலும் 1990-இலும் நான்கு முறை திறன் திடீரென விழுந்து உலை தானாக நின்றது. வாயுக் குமிழ் உலையத்தைக் கடந்ததா என்பது அப்போது எழுந்த முதல் சந்தேகங்களில் ஒன்று, ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். கல்பாக்கத்திலோ முன்மாதிரி உலையின் கால் அளவு நீர் மாதிரியை ‘சம்ராட்’ என்ற பெயரில் கட்டி, சோடியம் எப்படி ஓடும், வாயு எங்கே உள்ளே போகும் என்று முன்கூட்டியே சோதித்தார்கள். காயில் வகைக் கருவியில் குமிழ் கடக்கும்போது எழும் அலைவும் அவர்களுக்கு வெறும் இரைச்சல் இல்லை. ‘வாயு வருகிறது’ என்ற செய்தி.

குமிழைக் கண்டுபிடிக்கும் அறிவும் கருவியும் தமிழ் மண்ணிலேயே இருக்கின்றன என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அணு உலைக் குழாயில் ஒரு குமிழுக்கு இத்தனை மரியாதை என்றால், குடிநீர்க் குழாயில் கிலோமீட்டர் நீளக் காற்றுக்கு ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம்?

‘அணு உலைக்குச் செய்வதைக் குடிதண்ணீருக்குச் செய்யக் கட்டுப்படியாகுமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 12 தகடு வைத்துப் படம் எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேண்டியவை எளிமையானவை. காலிக் குழாயை உணர்ந்து எண்ணுவதை நிறுத்தும் வசதி இன்று பெரும்பாலான மேக் மீட்டர்களில் உண்டு. அதை இயக்கி வைக்க வேண்டும். மீட்டரை மேல்நோக்கி ஓடும் செங்குத்துக் குழாயிலோ எப்போதும் நிறைந்திருக்கும் பள்ளத்திலோ வைத்தால் காற்று தங்காது. மேட்டில் படுக்கையாக வைத்தால் தங்கும். தெருக்குழாயின் உயரமான இடங்களில் ஏர் வால்வு வைத்து, அதைப் பராமரித்தால் காற்று வீடு தேடி வராது. இவற்றில் எதற்கும் வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். ஒரு பிளம்பரும், ஐ.டி.ஐ. படித்த ஒரு கருவி மெக்கானிக்கும் போதும்.

‘24 மணி நேரக் குடிநீர் வந்துவிட்டால் குழாயில் காற்றே இருக்காதே?’ என்பது இன்னொரு கேள்வி. முற்றிலும் சரி, அதுதான் உண்மையான தீர்வு. ஒடிசாவின் புரி நகரம் 2021-இல் அதை எட்டியது. கோயம்புத்தூரில் அதற்கென ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு வேலை நடக்கிறது. புதுச்சேரியின் குடிநீர் மேம்பாட்டுக்கும் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடன் உண்டு. ஆனால் எந்த ஊரிலும் எல்லாத் தெருக்களும் ஒரே நாளில் 24 மணி நேரத்துக்கு மாறிவிடாது. மாறும் வரைக்குமான இடைக்காலம் ஆண்டுக்கணக்கில் நீளும். மீட்டரோ முதல் மாதமே வந்துவிடும். காற்றுக்குக் காசு போவது அந்த இடைவெளியில்தான்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. கடைத் தராசுக்கும் பெட்ரோல் பங்க் முனைக்கும் முத்திரை கேட்கும் அதே 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் வரம்புக்குள் தண்ணீர் மீட்டரும் வருகிறது. குறை, சோதிக்கும் முறையில் உள்ளது. சோதனை மேசையில் குழாயை முழுக்க நிறைத்து, காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் துல்லியம் பார்ப்பார்கள். தேர்வில் தேறும் அந்த மீட்டர் பிழைப்பு நடத்தப்போவது காற்று கலந்த தெருவில். ஓட்ட மீட்டர்களைச் சோதிப்பதற்கென்றே 1987 முதல் பாலக்காட்டில் மத்திய அரசின் பாய்மக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கோரிமேட்டிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம். டெண்டருக்கு வரும் ஒவ்வொரு மாதிரி மீட்டரையும் காற்று கலந்த தண்ணீரில் ஓடவிட்டு அதன் பிழையைச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லலாம்.

மக்கள் தரப்பிலும் ஒரு வேலை உண்டு. என் பழைய ஃபோர்மேன் சொன்ன தொட்டிச் சோதனைதான் அது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி எத்தனை அடி இறங்கியது என்பதிலிருந்து வெளியே போன தண்ணீர் எத்தனை லிட்டர் என்று கணக்கிடலாம். அதே நேரத்தில் வெளியேறும் குழாயின் மேக் மீட்டர் காட்டியது என்ன, அந்தப் பகுதி வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகை என்ன என்று மூன்றையும் ஒரே தாளில் போட்டு, வார்டு அறிவிப்புப் பலகையில் மாதம் ஒரு முறை ஒட்ட வேண்டும். வழியில் கசிவு இருப்பதால் வீட்டு மீட்டர்களின் கூட்டுத்தொகை தொட்டிக் கணக்கைவிடக் குறைவாக இருப்பதுதான் இயல்பு. கூடுதலாக இருந்தால் அந்தத் தெருவில் மீட்டர்கள் காற்றைக் குடிக்கின்றன என்று அர்த்தம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

குடிநீர் டெண்டர் மேசைக்கு வரும்போது நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இந்த மீட்டர் காற்று கலந்த நீரில் சோதிக்கப்பட்டதா? ஏர் வால்வுகளுக்கும் அவற்றின் பராமரிப்புக்கும் தனி ஒதுக்கீடு உண்டா? ஒரு தெருவின் குழாய் நாள் முழுக்க நிறைந்திருக்கிறது என்று தொட்டிச் சோதனையில் நிரூபணம் ஆகும் வரை, அந்தத் தெருவில் லிட்டர் கணக்கில் பில் போடாமல் பழைய நிலையான கட்டணமே வாங்கப்படுமா? மூன்றுக்கும் எழுத்தில் ‘ஆம்’ வந்தால், என் வீட்டு வாசலில் முதல் மீட்டரைப் பொருத்திக்கொள்ளுங்கள். குழி தோண்ட நானே வருகிறேன். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று வந்தாலும் அந்த டெண்டரைத் திருப்பி அனுப்புங்கள்.